உத்தரவு முடிந்த பின் வரும் புகார்: பாதுகாப்பு உத்தரவு மீறலும் காலவரம்பும்

ஒரு பெண்ணை நெருங்கக் கூடாது, அவளோடு தொலைபேசியில்கூடத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் ஒருவருக்கு உத்தரவிடுகிறது. உத்தரவு நடப்பில் இருக்கும்போதே அவர் அதை மீறுகிறார். அப்போது புகார் போகவில்லை. பயம், பிள்ளைகளின் படிப்பு, உறவினரின் சமாதானப் பேச்சு, காவல் நிலையத்தில் கிடைத்த அலட்சியம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிறகு உத்தரவின் காலம் முடிந்துவிடுகிறது. அந்தப் பழைய மீறலைப் பற்றி இனிமேல் புகார் கொடுக்க முடியுமா? கொடுத்தால் சட்டத்தில் அதற்கு என்ன மதிப்பு?

குடும்ப வன்முறைச் சட்டங்கள் புதியவை. இந்தக் கேள்வி பழையது. நீதிமன்றக் கட்டளையை மீறியவரை, அந்தக் கட்டளையே இல்லாமல் போன பிறகு தண்டிக்கலாமா என்று தொழிற்சங்க வழக்குகளிலும், சொத்து வழக்குகளிலும், குடிமை உரிமைப் போராட்ட வழக்குகளிலும் நீதிபதிகள் ஒரு நூற்றாண்டாக விவாதித்திருக்கிறார்கள். அந்த விடைகளில் எவை இன்றைய பாதுகாப்பு உத்தரவுக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. இந்தியச் சட்டமே மையம். அதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கும் இலங்கைச் சட்டம் ஒப்பீட்டுக்கு வருகிறது.

கேள்வி பிறந்த இடம்

இங்கிலாந்தில் குடும்ப வன்முறை பற்றிய தனிச்சட்டமும், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பாதுகாப்புச் சட்டமும் 1976ஆம் ஆண்டிலேயே வந்தன. இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான்: நடந்ததற்குத் தண்டனை கொடுப்பதோடு நில்லாமல், இனி நடக்கக் கூடாததை முன்கூட்டியே தடுப்பது. இதற்கு எடுத்துக்கொண்ட கருவி, உரிமையியல் நீதிமன்றங்களில் ஏற்கெனவே புழங்கிய உறுத்துக் கட்டளை, அதாவது தடையாணை. கட்டளையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. ஆனால் அவமதிப்பு நடவடிக்கையைப் பாதிக்கப்பட்டவரே வழக்கறிஞர் வைத்து நடத்த வேண்டும், செலவையும் அவரே ஏற்க வேண்டும். அதனால் பல நாடுகள் மீறலையே தனிக்குற்றமாக்கின. இங்கிலாந்து அந்த மாற்றத்தை 2007 ஜூலையில்தான் செய்தது. அங்கே இன்று அதற்கு ஐந்தாண்டுவரை சிறை உண்டு.

இந்தியா நேரடியாக இந்த இரண்டாம் கட்டத்துக்கே வந்தது. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடப்புக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில், பாதுகாப்பு உத்தரவு வழங்குவது உரிமையியல் தன்மை கொண்ட நடவடிக்கை. அதை மீறுவதோ 31ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டுவரை சிறை, இருபதாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இறுதி உத்தரவை மட்டுமல்லாமல் இடைக்கால உத்தரவை மீறுவதும் குற்றம் என்று அப்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. உரிமையியல் பாதியும் குற்றவியல் பாதியும் சேர்ந்த இந்த அமைப்பில்தான் காலம் பற்றிய குழப்பம் தொடங்குகிறது. உத்தரவுக்கு ஒரு காலம் இருக்கிறது, குற்றத்துக்கு வேறொரு காலம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் காவல் நிலையங்களில் மட்டுமல்ல, நீதிமன்றங்களிலும் இருந்திருக்கிறார்கள்.

அடிப்படை போனால் வழக்கும் போகும் என்ற வாதம்

முதல் நிலைப்பாடு எளிமையானது. தண்டனைக்கு அடிப்படையான விதியே இன்று இல்லை என்றால், தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய சில மாதங்களில், 1934இல், நிலுவையில் இருந்த மதுவிலக்கு வழக்குகள் இனி நடக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை மாநிலத்திலிருந்து போன ஒரு தடுப்புக் காவல் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1951இல் இதே கருத்தைத் தொட்டது: தற்காலிகச் சட்டம் காலாவதியானால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, அதன்கீழ் நடக்கும் நடவடிக்கைகளும் முடிந்துவிடும் என்பதே பொது விதி. 1969இல் ராயலா கார்ப்பரேஷன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று நீக்கப்பட்ட பிறகு, அது நடப்பில் இருந்தபோது செய்த செயலுக்காகப் புதிதாக வழக்குத் தொடுக்க முடியாது என்றது.

பழைய மீறலைப் பற்றிப் புகார் கொடுக்க வருபவருக்கு எதிராக இதைவிட வலுவான முன்னுதாரணம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. அந்த வழக்குகளிலெல்லாம் மறைந்தது சட்டம்; செயலைக் குற்றமாக்கிய விதியே போய்விட்டது. பாதுகாப்பு உத்தரவு காலாவதியாகும்போது 31ஆம் பிரிவு எங்கும் போவதில்லை. அது செயல் நடந்த நாளிலும் இருந்தது, புகார் வரும் நாளிலும் இருக்கிறது. உத்தரவு என்பது அந்தக் குற்றத்தின் ஓர் உறுப்பு. அந்த உறுப்பு செயல் நடந்த நாளில் இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டியது. இந்திய அரசியல் சாசனத்தின் 20(1) பிரிவும் செயல் நடந்த நாளின் சட்டத்தையே அளவுகோலாக வைக்கிறது. என் மதிப்பீட்டில் முதல் நிலைப்பாடு இந்த இடத்தைத் தாண்டி வர முடியாது.

மீறிய நாளே முக்கியம் என்ற வாதம்

இரண்டாம் நிலைப்பாடு நீதிமன்றத்தின் மரியாதையிலிருந்து தொடங்குகிறது. உத்தரவு சரியா தவறா என்று தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். அதற்கு முன்பே கட்டுப்பட்டவர் தானாக முடிவெடுத்து மீறக் கூடாது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்க வழக்கில் 1947இல் ஒரு பயனுள்ள பிரிவினை செய்யப்பட்டது. கட்டளையைப் பெற்றவருக்கு ஈடுகட்டுவதற்கான உரிமையியல் அவமதிப்பு நடவடிக்கை, கட்டளை ரத்தானால் அதனோடு விழும். கீழ்ப்படியாமைக்குத் தண்டனை கொடுக்கும் குற்றவியல் அவமதிப்பு விழாது. 31ஆம் பிரிவு தண்டனைப் பிரிவு. ஆகவே இரண்டாம் வகைக்கே நெருக்கமானது.

இந்திய உச்ச நீதிமன்றமும் இதே வழியில் வந்திருக்கிறது. உறுத்துக் கட்டளை பின்னால் ரத்து செய்யப்பட்டாலும் அதற்கு முன் நடந்த கீழ்ப்படியாமை அழிந்துவிடாது என்று 1998இல் ஒரு சொத்து வழக்கில் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு வழக்கில், விசாரிக்க அதிகாரமே இல்லை என்று கடைசியில் தெரியவந்த நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுகளைக்கூட மீறியதற்குத் தண்டிக்கலாம் என்றது. ரத்தான உத்தரவுக்கே இது பொருந்தும் என்றால், முறையாக வழங்கப்பட்டு, யாரும் எதிர்க்காமல், காலம் முடிந்து ஓய்ந்த உத்தரவுக்கு இன்னும் எளிதாகப் பொருந்தும்.

இந்த நிலைப்பாட்டுக்கும் ஒரு குறை உண்டு. 1963இல் பர்மிங்ஹாம் நகரில் ஊர்வலத்துக்குத் தடை விதித்த கட்டளையை மீறியதற்காக மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் தண்டிக்கப்பட்டார்கள். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. அந்த ஊர்வலத் தடைக்கு ஆதாரமான நகராட்சிச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று அதே நீதிமன்றம் 1969இல் சொன்னது. தவறான உத்தரவை மீறியவரும் தண்டனை பெறுவார் என்பதே இந்த விதியின் விலை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 23(2) பிரிவில், எதிர்த்தரப்பைக் கேட்காமலே, மனுதாரரின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்து ஒருதலை உத்தரவு வழங்கலாம். பின்னால் முழு விசாரணையில் அந்த மனு பொய் என்று தள்ளுபடியானால், இடைக்காலத்தில் நடந்த மீறலை எப்படிப் பார்ப்பது? உத்தரவு தன் கைக்கு வந்து சேர்ந்ததா, அதன் உள்ளடக்கம் தனக்குத் தெரியுமா என்ற கேள்விகளை எதிர்த்தரப்பு எழுப்ப இடம் கொடுத்தே ஆக வேண்டும். பழைய புகார்களில் இந்த விவரங்கள் பெரும்பாலும் மங்கிப் போயிருக்கும்.

இந்தியாவில் உத்தரவு எப்போது முடிகிறது?

பலர் கவனிக்காத ஒன்று: இந்தியச் சட்டத்தின் 25(1) பிரிவின்படி, 18ஆம் பிரிவில் வழங்கிய பாதுகாப்பு உத்தரவு, பாதிக்கப்பட்ட பெண்ணே விடுவிப்புக் கேட்டு விண்ணப்பிக்கும்வரை நடப்பில் இருக்கும். அதாவது, தேதி பார்த்துத் தானாக முடியும் உத்தரவாகச் சட்டம் இதை அமைக்கவில்லை. “ஆறு மாசத்துக்குத்தான் ஆர்டர், அது முடிஞ்சு போச்சு” என்று யாராவது சொன்னால், முதலில் உத்தரவு நகலை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய மீறல் என்று நினைப்பது இன்றும் நடப்பில் உள்ள உத்தரவின் மீறலாக இருக்கக்கூடும்.

ஆனாலும் உத்தரவு முடியும் வழிகள் இருக்கின்றன. இடைக்கால உத்தரவு, மூல மனு முடிவுக்கு வரும்போது அதோடு முடிந்துவிடும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறை வேறு. பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் இடைக்கால உத்தரவை மட்டுமே நம்பி வாழ்கிறார்கள். 29ஆம் பிரிவின் மேல்முறையீட்டில் உத்தரவு ரத்தாகலாம். சூழ்நிலை மாறியது என்று காட்டி 25(2) பிரிவில் திருத்தமோ ரத்தோ கேட்கலாம். ஆனால் உத்தரவுக்குப் பிறகு ஏற்பட்ட மாற்றமே கணக்கில் வரும், பின்தேதியிட்டு உத்தரவை அழிக்க அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கடந்தகால மீறலைப் பற்றிப் பேசுபவருக்கு இது பெரிய ஆதரவு. இன்று ரத்தான உத்தரவு நேற்றுவரை உத்தரவாகவே இருந்தது என்பதுதான் அதன் பொருள்.

மீதமுள்ள வழி, பெண்ணே விலக்கிக்கொள்வது. சேர்ந்து வாழப் போகிறோம் என்று சொல்லி விடுவிப்பு வாங்கிய பிறகு பழைய மீறல்களை எழுப்பினால், சமரசத்தை முறித்தார் என்ற குற்றச்சாட்டு வரும். சட்டத்தின் கணக்கில் அது முழு விடை ஆகாது. 31ஆம் பிரிவுக் குற்றத்தை இரு தரப்பும் தாங்களாகவே இணங்கி முடித்துக்கொள்ளலாம் என்று இச்சட்டத்தில் எங்கும் இல்லை. சமரசத்தின் பேரில் வழக்கை ரத்து செய்ய வேண்டுமானால் உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். உத்தரவை விட்டுக்கொடுத்ததால் குற்றமும் மன்னிக்கப்பட்டதாகிவிடாது.

ஓராண்டு என்னும் சுவர்

ஆக, உத்தரவின் முடிவு புகாருக்குத் தடையல்ல. தடை வேறிடத்தில் இருக்கிறது. ஓராண்டுவரை சிறைத்தண்டனை உள்ள குற்றத்தை ஓராண்டுக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 31ஆம் பிரிவு இந்தப் படிநிலையில் சரியாக ஓராண்டில் விழுகிறது.

இந்த ஓராண்டு எங்கே பொருந்தும் என்பதில் நீண்ட குழப்பம் இருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் போகிறபோக்கில் சொன்ன கருத்தை வைத்து, நிவாரணம் கேட்கும் 12ஆம் பிரிவு மனுக்களையே காலம் கடந்தவை என்று சில நீதிமன்றங்கள் தள்ளின. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2022 ஏப்ரல் 13 அன்று, உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைத் திருத்தியது. நிவாரண மனு குற்றப் புகார் அல்ல, அதற்கு ஓராண்டு வரம்பு கிடையாது. உத்தரவை மீறும்போதுதான் குற்றம் பிறக்கிறது, வரம்பும் அப்போதுதான் தொடங்குகிறது என்றது. பெண்கள் பலருக்கு அந்தத் தீர்ப்பு கதவைத் திறந்தது. மீறலைப் பற்றிப் பேச வருபவருக்கோ அதே தீர்ப்பு நாளைக் குறித்துக் கொடுத்தது.

மீறிய நாளிலிருந்து ஓராண்டு எதுவரை ஓடுகிறது? 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்த நாள் அல்ல, புகார் தாக்கல் செய்த நாளே கணக்கு என்று முடிவு செய்தது. புதிய சட்டத்தின் 514ஆம் பிரிவு இதை விளக்கக் குறிப்பாகவே சேர்த்துக்கொண்டது: குற்றவியல் நடுவரிடம் புகார் தாக்கல் செய்த நாள், அல்லது காவல் நிலையத்தில் 173ஆம் பிரிவின்கீழ் தகவல் பதிவான நாள். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் மனு கொடுத்தவர் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது, மனு பெறப்பட்டதைக் காட்டும் சி.எஸ்.ஆர் ரசீது. அது எஃப்.ஐ.ஆர் அல்ல. அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கும் மாதங்களிலும் ஓராண்டு ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மனுதாரர் அறிந்திருக்க வேண்டும். இது சிறு எழுத்தர் விவரம் அல்ல, வழக்கின் உயிரே இதில் இருக்கிறது.

சுவரில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, தொடர் குற்றம் என்ற கோட்பாடு. குற்றம் தொடரும்வரை ஒவ்வொரு கணமும் வரம்பு புதிதாகத் தொடங்கும். வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்து வெளியேற மறுப்பதைத் தொடர் குற்றம் எனலாம். ஒரு நாள் இரவு வந்து கதவைத் தட்டி மிரட்டிப் போனதை அப்படிச் சொல்வது கடினம். அது நடந்து முடிந்த ஒரு செயல். பத்து முறை மிரட்டினால் பத்துத் தனித்தனி மீறல்கள், பத்துத் தனித்தனி ஓராண்டுகள் என்பதே பாதுகாப்பான கணக்கு. இரண்டாவது வாசல், தாமதத்துக்குச் சரியான விளக்கம் இருந்தாலோ நீதியின் நலனுக்குத் தேவைப்பட்டாலோ தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம். முன்பு அது 473ஆம் பிரிவு, இப்போது 519. மனைவிக்கு இழைக்கும் கொடுமை வழக்குகளில் இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயத்தில் வாயடைத்துப் போன பெண்ணுக்கு இது உரிமையல்ல, நீதிபதியின் விருப்புரிமையைச் சார்ந்த வாய்ப்பு.

இலங்கையின் எதிர்த் திசை

இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் பன்னிரண்டு மாதமே நிலைக்கும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெற்ற பெண்ணுக்கு ‘காலாவதி’ என்பது கண்ணெதிரே நிற்கும் உண்மை. அதை மீறினாலும் ஓராண்டுவரை சிறைதான். ஆனால் அங்குள்ள குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 456ஆம் பிரிவு, கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக இருபதாண்டு கால வரம்பு வைக்கிறது. இந்தியாவில் உத்தரவு நீண்டது, வழக்குக்கான காலம் குறுகியது. இலங்கையில் கட்டளை குறுகியது, வழக்குக்கான காலம் நீண்டது. கட்டளை முடிந்த மறு மாதம் துணிவு பெற்று வரும் இலங்கைப் பெண்ணுக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியில் அவளைக் காக்கும் கட்டளை இல்லை. இந்தியப் பெண்ணின் நிலைமை தலைகீழ். எது மேல் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. உயிரைக் காக்கும் வேலைக்கு நீண்ட உத்தரவே மேலானது என்று நினைக்கிறேன். பொறுப்புக் கேட்கும் வேலைக்கு இருபதாண்டு மேலானது.

நிலையத்தில் நடப்பது

இந்தியாவில் காவல் நிலையத்துக்குப் போனால், ஓராண்டுத் தண்டனை என்றவுடன் ‘பிடியாணை தேவைப்படும் குற்றம், நாங்கள் பதிவு செய்ய முடியாது’ என்று பதில் வரலாம். பொது அட்டவணைப்படி அது சரி. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 32(1) பிரிவு அதை மீறிச் செல்கிறது. 31ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விடத்தகாதது. 32(2) பிரிவோ பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டுமே வைத்துக் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்கிறது. எனினும் 2013 நவம்பரில் வந்த இன்னோர் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு, எஃப்.ஐ.ஆர் கட்டாயம் என்று சொல்லிவிட்டு, கணவன் மனைவி தகராறுகளிலும் மூன்று மாதத்துக்கு மேல் விளக்கமின்றித் தாமதமான புகார்களிலும் முதல்கட்ட விசாரணைக்கு இடம் விட்டது. பழைய மீறல் பற்றிய புகார் இந்த இரண்டு வகையிலும் மாட்டிக்கொள்ளும்.

நிலையம் மட்டுமே வழியல்ல. 2006ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி, மீறலைப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் தெரிவிக்கலாம் என்கிறது. அவர் அதை உத்தரவு நகலோடு நடுவருக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் இவரை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பார்க்கலாம். நேராக நடுவரிடமும் போகலாம். கூடுமானவரை உத்தரவிட்ட அதே நடுவரே மீறலை விசாரிக்க வேண்டும் என்பது 31(2) பிரிவின் ஏற்பாடு.

ஓராண்டு கடந்துவிட்டால்? தண்டனை வாசல் மூடினாலும் பழைய மீறல்கள் பயனற்றுப் போவதில்லை. புதிய பாதுகாப்பு உத்தரவு கேட்கும் மனுவிலும், 22ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கும்போதும் அவை வரலாறாக நிற்கும். அந்த மனுக்களுக்குக் கால வரம்பு இல்லை என்பதை 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதி செய்துவிட்டது. முன்பு உத்தரவு இருந்தும் அடங்காதவர் என்பதைவிடப் புதிய உத்தரவுக்கு வலுவான காரணம் என்ன இருக்கிறது? வாட்ஸ்அப் செய்திகள், அழைப்புப் பதிவுகள், கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் ஆகியவற்றுக்கு மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் தேவை. கேமராக் காட்சிகள் சில வாரங்களிலேயே அழிந்துவிடுவது வழக்கம். சட்டம் அனுமதிக்கும் காலத்தைவிடச் சாட்சியம் தாங்கும் காலம் குறைவு.

இன்னும் தீராதவை

சில கேள்விகளுக்கு உறுதியான விடை இல்லை. பொய் மனு என்று தள்ளுபடியான வழக்கின் ஒருதலை இடைக்கால உத்தரவை மீறியவரை 31ஆம் பிரிவில் தண்டிப்பது நியாயமா என்பதில், சொத்து வழக்குகளின் விதியை அப்படியே இறக்குமதி செய்யத் தயக்கம் இருப்பது இயல்பு. தங்கும் உரிமை உத்தரவையும் பண நிவாரண உத்தரவையும் மீறுவது 31ஆம் பிரிவில் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒத்த கருத்தில் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் குறுகிய பொருளையே ஏற்றிருக்கிறது. காலம் முடிந்த உத்தரவில் ஜீவனாம்சப் பாக்கி மட்டும் இருந்தால் அது குற்றமா, வெறும் கடனா என்பது இதைப் பொறுத்தே அமையும். சி.எஸ்.ஆர் பதிவை 514ஆம் பிரிவு சொல்லும் ‘தகவல் பதிவு’ என்று கொள்ளலாமா என்பதும் முடிவாக வேண்டியிருக்கிறது.

உத்தரவோடு மீறலும் மறைந்துவிடும் என்ற கருத்துக்கு இந்தியச் சட்டத்தில் நிற்க இடமில்லை என்பதே இதுவரை பார்த்தவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு. ஓராண்டு வரம்போ, இத்தகைய குற்றத்தின் இயல்புக்குப் பொருந்தாத குறுகிய காலம். இதை மாற்றத் தனியாகப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு திருத்தம் போதும். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்கு 514ஆம் பிரிவு மூன்றாண்டு வரம்பு தருகிறது. கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டுத் தண்டனை இருப்பதால் அதற்கு ஏற்கெனவே மூன்றாண்டு வரம்பு இருக்கிறது. நாடாளுமன்றம் 31ஆம் பிரிவின் உச்சத் தண்டனையை ஓராண்டிலிருந்து உயர்த்தினால், இனி நடக்கும் மீறல்களுக்கு மூன்றாண்டு தானாகக் கிடைத்துவிடும். அதுவரை, மீறல் நடந்த ஒவ்வொரு தேதியையும் எழுதி வைத்து, முதல் தேதியிலிருந்து ஓராண்டு முடிவதற்குள் எஃப்.ஐ.ஆரோ நடுவரிடம் நேரடிப் புகாரோ பதிவாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.